ஆட்டம் முடிந்த மறுநாள் வாருங்கள்

ஒரு வாலிபால் டீச்சரின் நாட்குறிப்பிலிருந்து

ஜூலை 1, 2024, திங்கள்

17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 12 பேரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. காலையில் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் தூது வந்துவிட்டது.

"எங்கப்பா சொல்லச் சொன்னாருங்க மிஸ், என்னை முன்வரிசையில போடோணுமாம்."

"எங்கம்மா கேக்கச் சொன்னாங்க மிஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேண்டாமாம்."

மூன்றாமவள் வாயைத் திறக்கவில்லை. நோட்டுத்தாளை மடித்து என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். அவளுடைய தாத்தா எழுதியிருந்தார்: பேத்திக்குச் சான்றிதழ் உறுதியா, இல்லையென்றால் பத்தாவது படிக்கிற பிள்ளையை எதற்காக வெயிலில் நிறுத்துகிறீர்கள்?

மூன்றுமே நியாயமான கேள்விகள். கேட்டு வந்த வழிதான் தப்பு. பிள்ளை வாயில் வரும் சேதி வந்தபடியே வந்து சேராது. அப்பா கோபமாகச் சொன்னதை என்னிடம் வரும்போது மழுப்பிவிடுவாள்; நான் சாதாரணமாகச் சொன்னதை வீட்டில் பயந்துகொண்டு சொல்லுவாள், அல்லது சொல்லாமலே விழுங்கிவிடுவாள். பிறகு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவள்தான். சர்வீஸ் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு இந்த வேலையும் எதற்கு?

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் வேறு நாள் ஒத்துவராது. பாதிப் பேர் விசைத்தறியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். இரண்டு பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போயிருக்கிறார்கள். ஒருவருக்குக் கோழிப்பண்ணையில் வேலை.

இந்த நோட்டில் பிள்ளைகள் பெயர் எழுதுவதாக இல்லை. ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடக்கிற நோட்டு, யாரும் புரட்டலாம். சட்டை எண் போதும்.

ஜூலை 7, ஞாயிறு

12 வீட்டில் ஒன்பது வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாக்களே அதிகம். சீட்டு எழுதிய தாத்தாவும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கரும்பலகையில் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தேன். நான் உங்களிடம் சொல்ல வேண்டியது, நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டியது, இருவருமே பேசக் கூடாதது.

நான் சொல்ல வேண்டியது: பயிற்சி நேரம், போட்டி நாள், எந்த வண்டி, கூட வரும் ஆசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம். பிள்ளை எந்த இடத்தில் ஆடுகிறாள், ஏன் அந்த இடம். அடி பட்டால் அன்றைக்கே, அவள் வீட்டுக்கு வந்து சேருமுன் என் போன் வரும்.

நீங்கள் சொல்ல வேண்டியது: வீசிங், வலிப்பு, மயக்கம், பழைய எலும்பு முறிவு, சாப்பிடுகிற மாத்திரை. ராத்திரி தூங்குகிறாளா. வீட்டில் ஒரு துக்கமோ சிக்கலோ என்றால் முழுக்கதை வேண்டாம், "இந்த வாரம் கொஞ்சம் பாத்துக்குங்க" என்ற ஒரு வார்த்தை போதும்.

பேசக் கூடாதது: அடுத்தவர் பிள்ளை. உங்கள் மகளைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். "அவளை மட்டும் ஏன் ஆட வைக்கறீங்க" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். யாரை எப்போது களத்தில் இறக்குவது என்பதும் பேச்சுக்குரியது அல்ல. "என் மகள் இறங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்" என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நழுவக் கூடாது.

பின் பெஞ்சில் ஒருவர் கேட்டார்: "அப்போ ஆட்டத்தைப் பத்தி நாங்க வாயே தொறக்கக் கூடாதுங்களா?"

செஸ் ஆட்டக்காரர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியைச் சொன்னேன். 2023-இல் பாகு நகரத்து உலகக் கோப்பையில் மகன் இறுதி ஆட்டம் வரை போனபோது கூடவே இருந்த அந்த அம்மாவின் படத்தை எல்லோரும் பேப்பரில் பார்த்திருந்தார்கள். மகன் போகிற ஊருக்கெல்லாம் கூடப் போய், சமைத்துப் போட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்பது மகனும் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷும் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டில் எது குறைந்தாலும் பையன் அந்த மேசை வரைக்கும் வந்திருக்க முடியாது. கேட்டவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்பது குறுவட்டப் போட்டியில் தெரிந்துவிடும்.

இன்னொரு ஏற்பாடு. போட்டி நாளில் யாரும் என்னிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேச வர வேண்டாம், மறுநாள் வரலாம். அமெரிக்காவில் பல சிறுவர் கிளப்புகளில் 24 மணி நேரம் கழித்துத்தான் பயிற்சியாளரிடம் குறை சொல்லலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். தோற்ற சூட்டில் பெற்றவரும் நிதானமாக இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன்.

தாத்தாவின் சான்றிதழ்க் கேள்விக்கும் பதில் சொன்னேன். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் குறுவட்டத்தில் வாங்கும் காகிதத்தை நம்பி அதற்குக் கணக்குப் போட வேண்டாம். மாநிலம், தேசியம் என்று மேலே போனால்தான் பேச்சு. அங்கே போவாள் என்று 15 வயதில் யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரியவர், "வெளிப்படையா சொன்னீங்களே, அது போதுங்க" என்றார். பேத்தியை அணியிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

4-ஆம் எண்ணின் அம்மா மாலையில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசப் பார்த்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

"பாப்பா பெரிய மனுஷியாயி மூணு மாசந்தானுங்க ஆச்சு. அவங்க பெரியம்மா வந்து, வயசுக்கு வந்த புள்ளைய அரை டவுசரோட கிரவுண்டுல ஆட உடறயானு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க."

நான் பெரியம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் போட்டியில் முழு டிராக் பேன்ட் போட்டு ஆடலாம், எங்கள் அணியில் பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று போனில் படம் காட்டினேன். வண்டியில் போக வர டிராக் சூட்தான். ஒரு நாள் பயிற்சி நேரத்தில் பெரியம்மாவையே கூட்டி வந்து காட்டச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். அந்த மூன்று நாளும் ஆடலாமா? குதித்தால் கர்ப்பப்பைக்கு ஆகாதாமே? ஆடலாம், குதிப்பதால் எதுவும் கெடாது என்றேன். வலி அதிகமிருந்தாலோ, போக்கு அதிகமிருந்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ ஆட வேண்டாம். அது மாதாமாதம் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் என்னிடம் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. "இன்னிக்கு லைன் பாக்கறேன் மிஸ்" என்றால் எனக்குப் புரியும். கொடியைக் கையில் வாங்கிக்கொண்டு கோட்டோரம் நிற்பாள், மற்றவர்கள் துருவ மாட்டார்கள்.

நான் பெண் என்பதால் இந்தப் பேச்சு நடந்தது. ஆண் பயிற்சியாளர் இருக்கும் பள்ளிகளில் இதைச் சொல்ல முடியாத அம்மாக்கள் மகளை ஆட்டத்தை விட்டே நிறுத்திவிடுகிறார்கள். "படிப்பு கெடுதுங்க" என்று காரணம் சொல்லுவார்கள். பெண் பிள்ளைகள் அணியை நடத்தும் ஆண் பயிற்சியாளர், இதற்கென்று ஓர் ஆசிரியையின் பெயரையும் நம்பரையும் முதல் கூட்டத்திலேயே பெற்றோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

9-ஆம் எண் அணியிலேயே சின்னவள். எட்டாம் வகுப்பு, 13 வயது. மூன்று நாளாக இடது காலில் முழுப் பாரம் போடாமல் இறங்குகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லைங்க மிஸ்." முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் விரலை வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறாராம். "உங்ககிட்டச் சொன்னா டீம்ல இருந்து எடுத்துப்போடுவீங்கன்னு புள்ளை பயப்படறாளுங்க. நானும் வாய மூடிக்கிட்டேன்."

நாளை விடுமுறை, நாளை மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். வேகமாக வளரும் வயதில், குதிக்கிற ஆட்டம் ஆடும் பிள்ளைகளுக்கு இது வழக்கமாக வருவது. தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பைத் திரும்பத் திரும்ப இழுக்க, அந்த இடம் புண்ணாகி வீங்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். பெரும்பாலும் குதிப்பதைக் குறைத்து, ஐஸ் வைத்து, தசையை நீட்டும் பயிற்சி செய்தால் வளர்ச்சி முடியும்போது தானாகச் சரியாகிவிடும். இது அதுதானா என்று டாக்டர் சொல்லட்டும். நான் சொல்லக் கூடாது, தைலமும் சொல்லக் கூடாது.

அம்மாவிடம் சொன்னதையே மாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன்: வலியைச் சொன்னதற்காக யாருடைய இடமும் போகாது. ஆறி வந்த பிறகு அந்த இடத்துக்கு மறுபடி ஆடிக் காட்டலாம். மறைத்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டால்தான் இடம் போகும். இதைப் பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லாதவரை வலியை மறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று வீட்டில் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை 22, திங்கள்

நேற்று இரவு பத்தே முக்காலுக்குப் போன். 7-ஆம் எண்ணின் அப்பா, ரிக் வண்டியோடு கர்நாடகப் பக்கம் இருக்கிறார். பின்னால் கம்ப்ரெஸர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு மட்டும் வேற கலர் சட்டையக் குடுத்து ஓரமா நிக்க வெச்சிருக்கறீங்களாமா? ஒரு பந்து அடிக்க உடறதில்லையாமா? குட்டையா இருக்கறதுக்கு அவ என்ன பண்ணுவாளுங்க?"

கோபம் நியாயம்தான். வந்த நேரத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. "அண்ணா, இதப் பத்தி அரை மணி நேரம் பேசோணும். சத்தமில்லாத நேரமாச் சொல்லுங்க, நானே கூப்பிடறேன்" என்றேன். மழை பிடித்தால் வண்டி நிற்கும், ஞாயிற்றுக்கிழமை பகலில் பேசலாம் என்றார்.

இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒழுங்கு எழுதிப் போட்டேன். குழுவில் பெற்றோர் மட்டும். நேரம், இடம், வண்டி ஆகிய தகவல் மட்டும். புகாரும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். ஒருத்தியைக் குழுவில் புகழ்ந்தால் பதினோரு வீட்டில் அன்று சோறு இறங்காது. இரவு எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் போன்.

பிள்ளைகளுக்கு நான் தனியாக மெசேஜ் அனுப்ப மாட்டேன் என்பதையும் எழுதினேன். எந்தச் செய்தியானாலும் அம்மா அல்லது அப்பா போனுக்குத்தான். வேறு எந்தப் பயிற்சியாளராவது உங்கள் மகளுக்கு இரவில் தனியாக மெசேஜ் அனுப்பினால், அது ஆட்டத்தைப் பற்றியதாகவே இருந்தாலும் விசாரியுங்கள். பாலியல் குற்றங்களுக்கு எதிராக 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், மைதானத்திலும் பொருந்தும்.

ஜூலை 28, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு வெண்கலம், 10 மீட்டர் ஏர் பிஸ்டல். டோக்கியோவுக்கு முன்பு அவரும் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவும் பிரிந்திருந்தார்கள். போன வருஷம் திரும்பச் சேர்ந்தார்கள், இன்று பதக்கம். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் ஊர் பேசுகிறது. நமக்கு அது தேவையில்லை. உறவு முறிந்த பிறகு ஒட்ட வைக்க வருஷக்கணக்காகிறது, அவ்வளவு பெரிய இடத்திலேயே.

மதியம் ரிக் அப்பாவைக் கூப்பிட்டேன். மழையாம், வண்டி நிற்கிறது. முதல் பத்து நிமிஷம் அவரையே பேச விட்டேன். தான் பக்கத்தில் இல்லாததால் மகளை யாரும் மதிப்பதில்லை என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. சட்டைக் கலர் அதற்கு ஒரு சாக்கு.

பிறகு லிபரோ என்றால் என்ன என்று சொன்னேன். சர்வதேச ஆட்டத்தில் 1998-இல் கொண்டுவந்த இடம். பின்வரிசையில் மட்டும் ஆடுவாள். வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கக் கூடாது, பிளாக் போகக் கூடாது, சர்வீஸும் கிடையாது. எதிராளி அடிக்கிற அடியைத் தரையில் விழாமல் எடுத்து, பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கைக்கு அனுப்புவது அவள் வேலை. மற்றவர்களை மாற்றுவதற்கு ஒரு செட்டுக்கு ஆறு முறைதான் கணக்கு. லிபரோ உள்ளே வந்து போவதற்கு அந்தக் கணக்கு இல்லை. நடுவர் கண்ணுக்கு அவள் தனியாகத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் வேறு கலர் சட்டை. "அண்ணா, அவ எடுத்துக் குடுத்தாத்தான் அடிக்கறவ அடிக்கவே முடியும். டீம்லயே பயப்படாம பந்துக்கு முன்னாடி போறவ உங்க பொண்ணுதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இதை அவ எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

அவளுக்கே இன்னும் முழுசாகப் புரிந்திருக்காது. நாளைக்கு அவளிடம் ஒரு வேலை கொடுக்கப் போகிறேன்: லிபரோ என்ன செய்வாள், என்ன செய்யக் கூடாது என்று அவளே அப்பாவுக்குப் போனில் விளக்க வேண்டும். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு பிள்ளை பேசினால் அது தூது இல்லை. தன் ஆட்டத்தைத் தானே எடுத்துச் சொல்லக் கற்றுக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குறுவட்டம். இரண்டு ஆட்டம் ஜெயித்து, இறுதியில் 2-1 என்று கோப்பை எங்களுக்கு. அதை எழுதிவிட்டு ஓரத்துக்கு வருகிறேன். இன்றைய பாடம் கோட்டுக்கு வெளியேதான் நடந்தது.

அரையிறுதியில் 5-ஆம் எண் பந்தை வலையோரம் மெதுவாகத் தட்டிப் போட வேண்டும். எதிரணி பின்னால் நின்றிருந்தது, டைம்-அவுட்டில் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் எழும்பும்போது ஓரத்திலிருந்து அவளுடைய சித்தப்பா, "அடி பாப்பா, ஓங்கி அடி!" அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பந்து வலையில் விழுந்தது. டைம்-அவுட் என்பது 30 விநாடி. அதற்குள் பிள்ளை காதில் ஒரு விஷயம்தான் ஏறும். ஓரத்திலிருந்து நான்கு குரல் வந்தால் அந்த ஒன்றும் போய்விடும்.

செட் இடைவேளையில் சித்தப்பாவிடம் போய், "நல்லாக் கத்துங்க. பாயின்ட் முடிஞ்ச பொறகு கத்துங்க. பந்து ஆட்டத்துல இருக்கறப்ப மட்டும் வேண்டாங்க" என்றேன். முகம் கறுத்தது, ஆனாலும் அடுத்த செட்டில் அப்படியே செய்தார்.

வேறொரு பள்ளியின் ஆட்டத்தில் ஒரு தந்தை நடுவரைச் சொல்லத் தகாத வார்த்தையால் திட்டினார். அவர் மகள் சர்வீஸ் போட நின்றவள், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் போட்ட அடுத்த இரண்டு சர்வீஸும் வெளியே போயின.

பரிசளிப்பு முடிந்து வண்டிக்கு நடக்கும்போது 11-ஆம் எண்ணின் அம்மா எதிரே வந்து நின்றார். மகளை மூன்று ஆட்டத்திலும் நான் இறக்கவில்லை. கண் சிவந்திருந்தது. "டீச்சர்..." என்றார். "நாளைக்குச் சாயங்காலம் ஐஞ்சு மணிக்கு வாங்கக்கா. நான் காத்திருக்கறேன்" என்றேன். திரும்பிப் போனார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஐந்து மணிக்குச் சரியாக வந்தார், தறி வேலையிலிருந்து நேராக. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு முதலில் அவரையே பேச விட்டேன். 11-ஆம் எண்ணையும் கூட உட்கார வைத்தேன். அவளைப் பற்றி அவளில்லாமல் பேச வேண்டாம்.

"சொந்தக்காரங்கல்லாம் வந்திருந்தாங்க. எம்புள்ளை உக்காந்தே இருந்துச்சு. ஆட வைக்கலீன்னா எதுக்குங்க கூட்டிட்டுப் போனீங்க?"

நியாயம். "அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லி அனுப்புவது சுலபம்; அந்த அடுத்த தடவையும் இதே அழுகைதான் மிஞ்சும். நோட்டை எடுத்துக் காட்டினேன். பயிற்சியில் ஒவ்வொருத்தியும் எடுக்கும் சர்வீஸைக் குறித்து வைக்கிறேன். பத்து சர்வீஸ் வந்தால் இவள் நான்கைத்தான் செட்டர் கைக்குச் சேர்க்கிறாள். களத்தில் நிற்பவர்கள் ஏழுக்குக் குறையாமல் சேர்க்கிறார்கள். காரணம் கை இல்லை, கால். பந்து வந்த பிறகுதான் நகர்கிறாள். மாலைப் பயிற்சியில் நன்றாக நகர்கிறவள், காலையில் தூங்கி வழிகிறாள்.

"காலைலயா?" என்றார் அம்மா. மகளும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அவள்தான் தறிக்கு நூல் தார் சுற்றுகிறாள். அவருக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடிவதில்லை.

என் நோட்டில் நான்கு, ஏழு என்று எண்கள் இருந்தன. அவற்றுக்கான காரணம் அந்த வீட்டில் இருந்தது. அவர் சொல்லியிராவிட்டால் "சோம்பேறி" என்றுதான் யாரும் எழுதியிருப்பார்கள்.

பிள்ளை வேலை செய்யக் கூடாது என்று பிரசங்கம் செய்யவில்லை. அந்தக் கூலி அவர்களுக்கு எதற்கு ஆகிறது என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அவள் படுத்துவிட வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். தார் சுற்ற ஓரகத்தியைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். தோளை அரசு மருத்துவமனையில் காட்டச் சொன்னேன். காலைப் பயிற்சிக்கு இவள் அரை மணி தாமதமாக வரலாம் என்று நான் ஏற்றுக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி குறித்துப் பார்ப்போம். பத்துக்கு ஆறு வந்தால் வருவாய் மாவட்டப் போட்டியில் ஒரு செட்டாவது இறங்குவாள். இதை அவள் முன்னால் சொன்னேன். தேதியும் எண்ணும் இல்லாத வாக்குறுதியை நம்பி எந்தப் பெற்றோரும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு, உள்ளூர் விடுமுறை. பயிற்சி இல்லை.

2-ஆம் எண்ணின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். பண்ணைக்காரர். இரண்டு அட்டை முட்டை, ஒரு பட்டுப்புடவை. "நோம்பிக்குங்க, வேற ஒண்ணுமில்லீங்க." புடவையைத் திருப்பிக் கொடுத்தேன். முட்டையைத் திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவித்து 12 பேருக்கும் பங்கு. அவர் மனசு நோகவில்லை என்று நினைக்கிறேன். அவர் மகள் ஒழுங்காக ஆடி முன்வரிசைக்கு வந்தவள். நான் அந்தப் புடவையைக் கட்டினால் அவள் ஆடி வாங்கிய இடத்தை அப்பன் வாங்கிக் கொடுத்தான் என்று ஊர் சொல்லும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று பாரிஸில் பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம். இத்தாலி 3-0 என்று அமெரிக்காவை வென்றது. ஒலிம்பிக் வாலிபாலில் இத்தாலிக்கு இதுதான் முதல் தங்கம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன், ஜியோ சினிமாவில் ஓசியில் வந்தது. இத்தாலியின் எகோனு அடிக்கிற அடியை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வேறு கலர் சட்டைக்காரியைப் பாருங்கள் என்றேன். மோனிகா தே ஜென்னாரோ, 37 வயது, உயரம் 1.74 மீட்டர், அந்த அணியில் உயரம் குறைந்தவர்களில் ஒருவர். இந்த ஒலிம்பிக்கின் சிறந்த லிபரோ என்ற விருதும் அவருக்குத்தான்.

காலையில் 7-ஆம் எண்ணிடமிருந்து தகவல்: அப்பா அங்கே லாட்ஜில் போனில் பார்த்தாராம், கூட இருந்த டிரில்லருக்கு லிபரோ விதியெல்லாம் இவரே விளக்கினாராம். சர்வீஸ் போடலாம் என்று தப்பாகச் சொல்லியிருக்கிறார். மகள் திருத்திவிட்டாள்.

9-ஆம் எண்ணுக்கு டாக்டர் சொன்ன ஓய்வு இன்னும் முடியவில்லை. உட்கார்ந்தபடி கைப் பயிற்சி மட்டும். வலி குறைந்திருப்பதாக இப்போது அவளே வந்து சொல்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். இந்த முறை 11 வீடு. வராத ஒரு வீட்டுக்கு மாலையில் நானே போய் வந்தேன்.

செப்டம்பரில் வருவாய் மாவட்டப் போட்டி. அதற்குள் காலாண்டுத் தேர்வும் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸும் பயிற்சியும் மோதாமலிருக்க வகுப்பாசிரியர்களிடம் பேசி மாற்றிய நேர அட்டவணையைக் கொடுத்தேன். தேர்வுக்கு முந்தின வாரம் மாலைப் பயிற்சி கிடையாது. இதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கேட்டுப் போராட வேண்டியதில்லை. பயிற்சியாளர் தானாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை கிளம்பாது.

சம்மதக் கடிதத்தில் இந்த முறை இரண்டு நம்பர்களைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று தலைமையாசிரியருடையது. இன்னொன்று 14417, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் 1098 என்பதையும் பலகையில் எழுதினேன். பின் பெஞ்சுக்காரர் கேட்டார்: "இதெல்லாம் யார்மேல புகார் சொல்றதுக்குங்க?"

"என் மேலயும் சொல்லலாங்க" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மற்றப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்களுக்கும், கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இது. பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிடுங்கள். குறை முளைத்த பிறகு கூப்பிட்டால் விசாரணைக்கு வருவது போலத்தான் வருவார்கள். எதைச் சொல்லலாம், எப்போது வரலாம், உங்களுக்கு மேலே யாரிடம் போகலாம், மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். பெற்றோரும் வாங்கிய காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். பிள்ளை ராத்திரி தூங்காததையும், முழங்கால் வலியையும், உங்கள் மனக்குறையையும் நேரில் வந்து சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் நடப்பது எங்களுக்குத் தெரியாது. மைதானத்தில் நடப்பது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் தேவை.